கடன் வாங்கிக் கழித்தல்

எங்கள் ஊருக்கும் எதிர் ஊருக்கும் நடுவே
ஓர் ஆறு, ஒரு நீலப் பாலம்.
இக்கரை ஐடஹோ, அக்கரை வாஷிங்டன்.
காகித ஆலையின் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் மட்டும்
எல்லை பார்க்காமல் இரண்டு கரைக்கும் வீசும்.

அக்கரையில் தட்டு ஏந்துகிறாள் கோரா லீ.
அதே முட்டை, அதே பொரித்த உருளைக்கிழங்கு,
குவளையை நகத்தால் தட்டி
"இன்னும் கொஞ்சம்" என்கிற
அதே லாரிக்காரர்கள்.
அவளுக்கு மணிக்குப் பதினாறு டாலருக்கு மேல்.
டிப்ஸ் அது தனி.
எனக்கு மூன்று டாலர் முப்பத்தைந்து சென்ட்.
மிச்சத்துக்குச் சாப்பிட வந்தவர் மனசு வைக்கவேண்டும்.

ஒருநாள் பாலத்தை நடந்தே கடந்தேன்,
எந்த அடியில் என் கைகளுக்கு விலை ஏறுகிறதென்று பார்க்க.
நடுவில் நின்று குனிந்தால்
ஒரு மீன் குறுக்கே புரண்டது,
தலை அங்கே, வால் இங்கே.
அதற்கு எந்த மாநிலத்துச் சம்பளமோ.
அங்கே விண்ணப்பம் கொடுத்துப் பதினான்கு மாதம்.
காலியில்லை.

அப்புறம் அந்தப் பனி வாரம்.
மலைச்சாலையை மூடிவிட்டார்கள்.
கடைக்குள் நானும் உப்புக் குப்பிகளும்.
மெர்ல் கல்லாவில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார்.
"சும்மாதானே நிற்கிறாய், பிரிட்ஜைக் கழுவேன்."

கழுவினேன்.
துடைப்பத் தொட்டிக்கு மேலே
விதைக் கம்பெனிக் காலண்டர் நனைந்து தொங்கியது.
நகர்த்தி மாட்டப் போனேன்.
ஜனவரிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது.
ஓரம் பழுத்து, எண்ணெய் தெறித்து,
ஆனாலும் படிக்கிற மாதிரி:
டிப்ஸ் சேர்ந்தும்
மணிக்கு ஏழு டாலர் இருபத்தைந்து வரவில்லையென்றால்
குறைந்ததை முதலாளி போட வேண்டும்.

ஆறு வருஷம் அந்தத் தொட்டியில் துடைப்பம் பிழிந்திருக்கிறேன்.

ஆர்டர் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்.
முப்பத்தொரு மணி நேரம்.
வரவேண்டியது இருநூற்று இருபத்து நாலு, எழுபத்தைந்து.
அவர் கூலியும் என் ஐம்பத்தெட்டு டாலர் டிப்ஸும் சேர்ந்து
நூற்று அறுபத்தொன்று, எண்பத்தைந்து.
ஐந்தில் ஐந்து போனால் பூஜ்யம்.
ஏழில் எட்டு போகாது,
பக்கத்து நாலிடம் கடன் வாங்கு.
பள்ளிக்கூடத்தில் எனக்கு இதுதான் பிடிபடாது,
வாங்கிய கடனை
யாரும் திருப்பித் தந்ததாய் டீச்சர் சொன்னதே இல்லை.

அறுபத்திரண்டு டாலர் தொண்ணூறு சென்ட்.

மெர்ல் சீட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.
"அறுவடை நேரத்தில் அள்ளினாயே,
அதை எண்ணினாயா, ட்வைலா?"
எனக்குப் பதில் வரவில்லை.
காது சிவந்ததுதான் மிச்சம்.
மறுநாள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
நாற்பது நிமிஷம் இசை.
பிறகு ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் குரல்:
"வாரக் கணக்கு வாரத்தோடு, அம்மா.
ஆகஸ்டைக் கொண்டுவந்து ஜனவரிக்குக் கட்ட முடியாது."

அந்த வாக்கியத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

பதினோரு வாரம் கழித்து செக் வந்தது,
வரி பிடித்தது போக.
மெர்ல் அதைக் கெட்ச்சப் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.
அன்றிலிருந்து எனக்குக் கழிப்பறைக் கதவோர மேஜைகள்.
அதுவும் கூடாதென்று எங்காவது எழுதியிருக்கும்,
இன்னொரு காலண்டரைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

நேற்று கடை மூடிய பிறகு
பாத்திரம் தேய்க்கும் எஃப்ரெய்ன் வந்து உட்கார்ந்தார்.
கிழித்த மாவுப் பையில் பென்சில் எண்கள்,
மூன்று மாதத்து எண்கள்.
அவர் அட்டை ஐந்து மணிக்கே வெளியே போய்விடும்,
கைகள் ஆறே முக்கால்வரை நுரைக்குள் இருக்கும்.

காபி ஊற்றினேன், இருவருக்கும்.
முதல் வரியை எடுத்தோம்.
"ஏழில் எட்டு போகாது" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றார் எஃப்ரெய்ன்.